வீட்டில் விருந்தாளிகளாய் வளரும் பிள்ளைகள்

“எங்க பையனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதுங்க” என்று நம் தாய்மார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கோட்டைமேட்டில் கேட்டாலும், பொள்ளாச்சியிலோ தாராபுரத்திலோ கேட்டாலும் அந்த வாக்கியத்தின் தொனி ஒன்றுதான். அதில் வருத்தம் இல்லை, பெருமிதம் இருக்கிறது. மகனை அத்துணைச் சீராட்டி வளர்த்திருப்பதாக அந்தத் தாய் ஊருக்கு அறிவிக்கிறார். அவரே, 14 வயது மகளுக்கு ரசம் வைக்கத் தெரியவில்லையெனில் அதை அண்டை வீட்டார் அறியாதபடி மறைப்பார். ஒரே அறியாமை ஒரு பிள்ளைக்கு ஆபரணமாகவும் மற்றொரு பிள்ளைக்குக் களங்கமாகவும் ஆகிவிடுகிறது. இதனை விந்தை என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. இது பிள்ளைகளுக்குப் பெற்றோர் இழைக்கும் அநீதி. அதிலும் ஆண்பிள்ளைக்கே முதலில் இழைக்கும் அநீதி என்பது என் வாதம்.

எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்? விருந்துக்குச் சமைப்பதை அன்று. அரிசி களைந்து உலை வைத்து, குழையாமல் இறக்கத் தெரிய வேண்டும். பருப்பு வேக வைக்கத் தெரிய வேண்டும். அறுந்த பொத்தானைத் தைக்கவும், வெள்ளைச் சட்டையையும் சாயம் போகும் கைலியையும் பிரித்துத் துவைக்கவும், தான் உண்ட தட்டைத் தானே கழுவவும் தெரிய வேண்டும். சமையல் வாயு கசியும் நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு, மின்விசைகள் எதனையும் தொடாமலிருக்க வேண்டும் என்பது தெரிய வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டவனுக்கு, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகக் கொடுக்கத் தெரிய வேண்டும். இவற்றுள் எதுவும் ஆணுக்கென்றோ பெண்ணுக்கென்றோ படைக்கப்பட்டதன்று. பசியும் காய்ச்சலும் ஆள் பார்த்து வருவதில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோது இந்த உண்மை வெளிச்சமாயிற்று. பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் அறையெடுத்துத் தங்கியிருந்த இளைஞர்களுக்கு மெஸ்ஸும் இல்லை, தெருமுனை உணவகமும் இல்லை. பொறியியல் பட்டம் பெற்றவன், மாதச் சம்பளம் வாங்குபவன், கையில் பணம் வைத்திருப்பவன். ஆனால் அரைக்கிலோ அரிசியைச் சோறாக்க அறியாதவன். ரொட்டியும் பிஸ்கோத்தும் தின்று நாளோட்டியோர் உண்டு. அம்மா உணவகங்களின் வாயிலில் காத்து நின்றோர் உண்டு. அதே நாள்களில் திருப்பூரின் பனியன் கம்பெனிகளை நம்பிப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருந்த தொழிலாளர் பட்ட துயரம் இதனினும் பன்மடங்கு கொடியது. கூலி நின்றது, ஊர் திரும்ப வழியில்லை. அவர்களுடைய துயரத்தை இவர்களுடையதோடு ஒப்பிடுவது முறையாகாது. எனினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: கோதுமை மாவு கிடைத்த அன்று அந்த அறைகளில் ரொட்டி வெந்தது. ஒருவர் பிசைய, ஒருவர் தேய்க்க, ஒருவர் சுட, அவர்கள் உண்டார்கள். அவர்களிடம் இல்லாதது பொருள். நம் பிள்ளைகளிடம் இல்லாதது கைப்பழக்கம்.

“ஆண்பிள்ளை அடுப்படிக்குப் போவது நம் வழக்கமில்லையே” என்பார் ஒருசாரார். வழக்கமில்லையா? நம் திருமணங்களில் தேக்சாவின் முன் நின்று கரண்டி பிடிப்பவர் யார்? பிரியாணிக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு கறி, எப்போது தம் போடுவது என்று கட்டளையிடும் மாஸ்டர் ஆண்மகனல்லவா? ரமலானில் பிற்பகல் தொழுகைக்கு முன்பே பள்ளிவாசலின் பின்புறத்தில் புகை எழுகிறதே, அந்த நோன்புக் கஞ்சியைக் காய்ச்சுவது யார்? நூறு வீட்டுக்கு அங்கே கஞ்சி காய்ச்சும் கை, தன் ஒரு வீட்டில் மட்டும் ஏன் முடங்கிவிடுகிறது? ஆக, வெட்கம் சமைப்பதில் இல்லை. ஊதியமின்றி, ஊரார் காணாமல், மனைவிக்கும் மக்களுக்கும் சமைப்பதில்தான் நாம் வெட்கப்படுகிறோம்.

கோயம்புத்தூர்க்காரருக்கு இது இன்னும் பொருந்தும். மாவரைக்கும் கிரைண்டரை உலகுக்குத் தந்த ஊர் இது. 1955-இல் சபாபதி என்பவர் இங்கு உருவாக்கிய அந்த இயந்திரம் பின்னர் ஊரின் பெயராலேயே புவிசார் குறியீடும் பெற்றது. நம் சமுதாயத்து இளைஞர்கள் எத்தனையோ பேர் பம்பு, மோட்டார்ப் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டத் தெரிந்த அந்தக் கைக்கு, கிரைண்டரில் 4 பங்கு அரிசிக்கு உளுந்து 1 பங்கு போதும் என்பது தெரியாது. கல்லைக் கழுவி வைக்கவும் தெரியாது.

வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்களைக் கேளுங்கள். அங்கே ஓர் அறையில் 6 பேரோ 8 பேரோ தங்கி, முறை வைத்துச் சமைக்கிறார்கள். இன்று இவர் முறை, நாளை அவர் முறை. சென்ற முதல் மாதம் சோறு கரிந்ததையும், தொலைபேசியில் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுக் குழம்பு வைத்ததையும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 25 வயதில், கடல் கடந்து, களைத்துப் போன கையோடு கற்றுக்கொண்ட அந்த வித்தையைப் 10 வயதில் தாயின் அருகில் நின்று கற்றிருக்கலாகாதா? இதனினும் வியப்பு ஒன்றுண்டு. அங்கு 2 ஆண்டு சமைத்துச் சாப்பிட்டவர், விடுமுறையில் விமானம் விட்டிறங்கியதும் அந்த வித்தையை முழுவதும் மறந்துவிடுகிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் “தண்ணி கொண்டா” என்கிறார்.

இனி மார்க்கத்தின் பெயரால் எழுப்பப்படும் வாதத்திற்கு வருவோம். அடுப்பங்கரை பெண்ணுக்கு விதிக்கப்பட்ட கடமை என்று மேடையிலும் திண்ணையிலும் பேசுவோர் நம்மில் உண்டு. எந்தக் கிதாபில் படித்தார்கள் என்று கேட்க விழைகிறேன். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பாடநூலான ‘மின்ஹாஜ்’ அரபு மதரஸாக்களில் ஓதப்படுவது. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவி அதில் கணவனின் பொறுப்பைக் கூறுமிடத்து, தானியத்தைக் கொடுத்துவிடுவதோடு அவன் கடன் முடிவதில்லை. அதை மாவாக்குவதும் ரொட்டியாக்குவதும் அவன் பொறுப்பே என்பதைச் சரியான கருத்தாகக் குறிப்பிடுகிறார். கொங்கு நாட்டு ராவுத்தர்களாகிய நாம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் நிலை சற்று வேறு. இல்லப்பணி மனைவிக்கு இறைவன் முன்னுள்ள பொறுப்பு என்றே நம் அறிஞர் பலர் கொள்வர். ஆயினும் ஹிஜ்ரி 587-இல் மறைந்த இமாம் காஸானி தம் ‘பதாயிஉஸ் ஸனாயிஃ’ நூலில், சமைக்க மறுக்கும் மனைவியை நீதிபதி கட்டாயப்படுத்தமாட்டார், ஆயத்தமான உணவைக் கொண்டுவரும்படி கணவனுக்கே ஆணையிடுவார் என்பதைப் பதிவு செய்துள்ளார். அவள் உடல்நலமும் குடும்ப வழக்கமும் பார்த்துத் தீர்ப்பு மாறும் என்ற விளக்கமும் அங்கேயே உண்டு. கருத்து வேறுபாடு இருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் ஆண்மகன் அடுப்பைத் தொடலாகாது என்று இரு மத்ஹபிலும் எந்த இமாமும் எழுதி வைக்கவில்லை.

சட்டத்தை விடுவோம், முன்மாதிரியைப் பார்ப்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அஸ்வத் என்பார் வினவினார். தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னையார் விடை பகர்ந்ததாக புகாரீயில் காண்கிறோம். அங்கே ஆளப்பட்ட அரபுச் சொல் ‘மிஹ்னத்’. அஃது ஏவலர் செய்யும் பணியைக் குறிக்கும் சொல். மேற்பார்வையிடுதல் என்ற பொருள் அதற்கு இல்லை. மிதியடியைத் தாமே தைத்தார்கள், ஆடையைத் தாமே ஒட்டுப் போட்டார்கள், ஆட்டைத் தாமே கறந்தார்கள் என்னும் அறிவிப்புகளும் உள்ளன. தாடி வைப்பது எப்படி, கைலி எதுவரை கட்டுவது என்றெல்லாம் நபிவழியை அங்குலம் அங்குலமாக அளக்கும் நாம், இந்த அறிவிப்புகளை மட்டும் மீலாத் மேடையில் சொல்லிக் கண்கலங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவாமல் எழுந்து போகிறோம்.

பாத்திமா நாயகி (ரலி) அவர்கள் திருகை சுற்றிக் கை காய்த்துப் போனதும், பணியாள் கேட்டுத் தந்தையிடம் சென்றதும், 33, 33, 34 முறை ஓதும் தஸ்பீஹை அவர்கள் கற்றுத் தந்ததும் நம் வீட்டுச் சிறுமியர்க்கும் தெரியும். பெண்கள் பொறுமையாயிருக்க வேண்டும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டுவோர், மற்றோர் அறிவிப்பின் பகுதியை விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் இறைத்து இறைத்துத் தமக்கு நெஞ்சு வலி கண்டதாக அலீ (ரலி) அவர்களும் அன்று முறையிட்டார்கள். உள்வேலையும் வெளிவேலையுமாக அவ்வீட்டில் பங்கு பிரிந்திருந்தது என்பது மெய். பங்கு என்றால் இருவருக்கும் வேலை என்று பொருள். இன்று குழாயில் தண்ணீர் வருகிறது. ஆணின் பங்கு குறைந்துவிட்டது. பெண்ணின் பங்கு அப்படியேதான் இருக்கிறது.

2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடெங்கும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை எண்ணிக் காட்டியது. 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100-க்கு 81 பேர் நாள்தோறும் ஊதியமற்ற வீட்டுவேலை செய்கிறார்கள். ஆண்களில் 26 பேர். செய்கிற பெண் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம் செய்கிறாள். செய்கிற ஆண் 97 நிமிடம். இது எல்லா மதத்தவரும் அடங்கிய கணக்கு. நம் வீடுகள் இதற்கு விலக்கு என்று எவரேனும் சொல்ல முன்வந்தால் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்வேன்.

கை வேலையைக் கல்வியாக்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் புதிதன்று. அதில் ஒரு முஸ்லிம் அறிஞருக்குப் பெரும் பங்கும் உண்டு. 1937 அக்டோபரில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கூடிய மாநாடு, ஆதாரக் கல்விக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பை ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராயிருந்த ஜாகிர் ஹுசைன் அவர்களிடம் ஒப்படைத்தது. பின்னாளில் 1967 முதல் 1969 வரை குடியரசுத் தலைவராக விளங்கியவர் அவரே. அவர் குழுவின் அறிக்கை அவ்வாண்டு முடிவதற்குள் வந்தது. நூற்பு, தச்சு, தோட்ட வேலை முதலிய கைத்தொழில்கள் வழியே எல்லாப் பாடங்களும் கற்பிக்கப்படல் வேண்டும் என்றது. போற்றத்தக்க அறிக்கைதான். ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை: மனையியலை அவ்வறிக்கை 4-ஆம், 5-ஆம் வகுப்புகளிலிருந்து சிறுமியர்க்கு மட்டும் வைத்தது. பையன் தறியில் உட்காரலாம், மண்வெட்டி பிடிக்கலாம். உலை வைப்பது அவன் பாடத்தில் இல்லை. அத்துணைப் பெரிய அறிஞர்களின் கண்ணுக்கும் அடுப்பு பெண்ணின் பொருளாகவே பட்டது.

நம் கோவை மண்ணில் அந்தக் கல்விக்கு உறுதுணையாக நின்றவர் தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள். 1930-இல் அவர் தொடங்கிப் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்த இராமகிருஷ்ண வித்யாலயம், மாணவர் தம் வேலைகளைத் தாமே செய்து வாழும் குருகுல முறையில் அமைந்தது. அவர் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராகவும் இருந்தவர். அவரே 1957-இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரி நிறுவினார். அது 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. உணவும் ஊட்டமும், குழந்தை வளர்ப்பும், வீட்டு நிருவாகமும் அறிவியல் பாடங்கள் என்பதை இராஜம்மாள் தேவதாஸ் போன்ற பேரறிஞர்கள் அங்கே நிலைநாட்டினார்கள். நம் சமுதாயப் பெண்களும் அங்கே பயின்றார்கள். பெண்ணுக்குப் பட்டமளிக்கத்தக்க அறிவியல் ஆணுக்கு இழிதொழிலாவது எங்ஙனம்? அவ்வூரிலேயே இருந்துகொண்டு நாம் இந்தக் கேள்வியைக் கேட்டதேயில்லை.

தமிழகத்தில் கை வேலைக் கல்வியின் பெயர் கெட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1953-இல் இராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் பெற்றோரின் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். அது குலக்கல்வி எனக் கண்டிக்கப்பட்டு, 1954-இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. கண்டித்தவர்கள் செய்தது சரியே. வண்ணான் மகன் வெளுக்கவும் சக்கிலியன் மகன் தோல் தைக்கவும் என்று பள்ளிக்கூடமே எழுதிவைப்பதை எந்த மானமுள்ளவன் ஏற்பான்? ஆனால் நான் சொல்வது அதற்கு நேர் எதிர். எல்லார் மகனும் தன் துணியைத் தானே வெளுக்கட்டும். எல்லார் மகனும் தன் செருப்பைத் தைக்கட்டும். தன் வீட்டுக் கழிப்பறையைத் தானே கழுவட்டும். காந்தியடிகளின் ஆசிரமங்களில் அதுவும் அன்றாடப் பணியாயிருந்தது. சமத்துவ மார்க்கம் என்று மார்தட்டும் நம் வீடுகளில் கழிப்பறை கழுவ யாரை அழைக்கிறோம், எந்தத் தெருவிலிருந்து அழைக்கிறோம், அவருக்கு எந்தக் குவளையில் தேநீர் கொடுக்கிறோம் என்பதை வாசகர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்க.

பிற இடங்களில் காலம் மாறிவிட்டது. ஜப்பானில் 1993 முதல் நடுநிலைப் பள்ளியிலும் 1994 முதல் உயர்நிலைப் பள்ளியிலும் மனையியல் ஆண், பெண் இருபாலார்க்கும் கட்டாயப் பாடம். அவ்வளவு தொலைவு போவானேன்? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே 2024-இல் வந்த 3-ஆம் வகுப்புப் பாடநூலில் தந்தை தேங்காய் துருவுவது போலப் படம் போட்டிருக்கிறார்கள்.

“படிக்கவே நேரமில்லை, நீட் பயிற்சி, கணக்கு டியூஷன், இதில் சமையலா?” என்பது இன்றைய பெற்றோரின் மறுமொழி. குக்கரில் சோறாக அரைமணி போதும். அதிலும் நின்று பார்க்க வேண்டிய நேரம் 10 நிமிடம். அதே பிள்ளை செல்பேசியில் கழிக்கும் நேரத்தை நான் கேட்கவில்லை. செல்பேசியைத் தட்டினால் சோறு வாசலுக்கு வருமே என்பார் வேறு சிலர். வரும், மாதக் கடைசி வரை வராது. சம்பளத்தில் பாதியை வயிற்றுக்குக் கொடுத்துவிட்டு, 30 வயதில் வயிற்றுப் புண்ணோடு நிற்கும் பிள்ளைகளை நாம் பார்க்கவில்லையா?

முதுமையை எண்ணிப் பாருங்கள். மனைவி முந்திக்கொண்டால் அந்த ஆண்மகன் என்னாவான்? 40 ஆண்டு கடை நடத்தியவர், ஜமாஅத்தில் பெரிய மனிதர். மனைவியின் மய்யித்து அடங்கிய மறுவாரமே மருமகளின் முகம் பார்த்து உண்ண வேண்டியவராகிறார். எந்த டப்பாவில் உப்பு, எதில் சர்க்கரை என்பது தெரியாது. மூத்த மகன் வீட்டில் ஒரு மாதம், இளையவன் வீட்டில் ஒரு மாதம் என்று அவரைப் பங்கு வைக்கிறார்கள். தன் கஞ்சியைத் தானே காய்ச்சத் தெரிந்தவராயிருந்தால் தன் வீட்டிலேயே, தன் திண்ணையிலேயே கௌரவமாக இருந்திருப்பார்.

பெண்மக்களுக்கும் நாம் முழுமையாகக் கற்பித்துவிடவில்லை. அவளுக்குச் சமையலைக் கற்பித்தோம், அவ்வளவோடு நிறுத்திக்கொண்டோம். வங்கியில் பணம் போடும் சீட்டை நிரப்பத் தெரியாது. மின்கட்டணம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது தெரியாது. வீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது, யாருடைய பெயரில் இருக்கிறது என்பதும் தெரியாது. கணவன் வெளிநாட்டில் மறைந்தால் 4 மாதம் 10 நாள் இத்தாவில் இருக்கும் அவளிடம், கொழுந்தன் கொண்டுவரும் காகிதங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கப்படுகிறது. எதில் கையெழுத்திட்டோம் என்பதையே அவள் பிறகுதான் அறிகிறாள். மகனுக்கு அடுப்பை மறைத்தோம். மகளுக்குப் பத்திரத்தை மறைத்தோம். கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வாணிபத்தைப் பற்றி மீலாத்தில் பேசும் சமுதாயம், தன் மகளை வங்கி வாசல் வரை தனியே அனுப்ப அஞ்சுகிறது.

ஆகவே தந்தையர்க்குச் சொல்கிறேன். தாய்மாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மகனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் அத்தா, ஞாயிற்றுக்கிழமை காலை அவனோடு அடுப்படிக்குள் நுழையட்டும். அத்தா வெங்காயம் நறுக்கக் கண்ட பையனுக்கு வேறு உபதேசம் தேவைப்படாது. மகளை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போகட்டும். சீட்டை அவளே நிரப்பட்டும், வரிசையில் அவளே நிற்கட்டும். ஜமாஅத் நிருவாகிகள் வரும் ரமலானில் நோன்புக் கஞ்சிக்குப் 12 வயது நிரம்பிய பையன்களை முறை வைத்து அழைக்கட்டும். அரிசி களையவும் இஞ்சி பூண்டு உரிக்கவும் தேக்சாவைக் கழுவிக் கவிழ்க்கவும் அங்கே ஒரு மாதப் பயிற்சி இலவசமாகக் கிடைக்கிறது.

பெண் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. “பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா?” என்ற கேள்வியை மாப்பிள்ளை வீட்டார் காலங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். தேநீர் ஆறுவதற்குள் அதற்கு விடையும் வந்துவிடுகிறது. அடுத்த முறை பெண்ணின் அத்தா அதே கேள்வியை மாப்பிள்ளையிடம் திருப்பிக் கேட்கட்டும். மரியாதை குறையாமல், சிரித்த முகத்தோடே கேட்கட்டும். மாப்பிள்ளை விடை சொல்லாமல் தன் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்த்தால், அதையும் கவனித்துக்கொள்ளட்டும்.